அக்காவின் இடது கால்

மாமியார் உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டுக் கேட்டார். "ஒங்க அக்காளுக்கு வந்தது ஒம் பிள்ளைக்கு வராதுன்னு டாக்டரு எழுதிக் குடுப்பாவளா?"

அப்போது எனக்கு நாலாம் மாதம். வாந்தி நின்று, சாப்பாடு உள்ளே இறங்க ஆரம்பித்திருந்தது. ராயபுரத்தில் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. கீழே, தெற்கத்திப் பக்கமிருந்து வந்த கணவர் குடும்பத்தின் பெயின்ட், கயிறு, இரும்புச் சாமான் கடை. கம்பிக்கட்டு இறக்கும் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. கேள்வி காதில் விழாத மாதிரி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன். அவர் விடவில்லை.

"கோவப்படாதம்மா. வேற வேற அக்கா தங்கச்சின்னா நான் கேக்கவே மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாலா பொறந்தவிய. ஒரே ரத்தம்லா."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முதலில் மறுத்தவர், பிறகு தானாகவே எண்ணூருக்கு வந்து என் அம்மாவிடம் பேசி முடித்தவர். பயந்திருந்தார், அவ்வளவுதான். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நானும் அக்காவும் இரட்டையர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது. மூக்கு, நெற்றி, சிரித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக மேலே ஏறும் உதடு, எல்லாமே ஒன்று. அவள் முதலில் வெளியே வந்ததால் அக்கா. உட்கார்ந்திருந்தால் எங்களை அம்மாவே குழப்பிக்கொள்வாள். எழுந்து நின்றால் யாருக்கும் குழப்பமில்லை.

பிறக்கும்போதே அவளுடைய இடது தொடையில் நாவல்பழச் சாறு கொட்டியது மாதிரி ஒரு மச்சம் படர்ந்திருந்ததாம். பாதம் கொஞ்சம் தடிப்பாக இருந்ததாம். கொழுகொழு குழந்தை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கால் மற்றதைவிட வேகமாக வளர்ந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இரண்டு கால்களுக்கும் ஒரே அளவுச் செருப்பு போட முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒரு பெரிய ஆம்பளையின் விரல்கள் மாதிரி ஆயின. வயசுக்கு வந்தபோது இடது கால் நீளமும் கூடி, பருமனும் கூடி, தோலுக்கடியில் நரம்புகள் புடைத்து நெளிய ஆரம்பித்திருந்தன. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வலது செருப்புக்கு அடியில் ரப்பர் வைத்து உயர்த்தித்தான் நடந்தாள். சின்ன வயசில் இரண்டு தடவை கத்தி வைத்துக் கொழுப்பை எடுத்தார்கள். இரண்டு தடவையும் திரும்ப வளர்ந்தது. மிஞ்சியது தையல் தழும்பும், ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு வரும் நடுக்கமும்தான்.

எங்கள் குப்பத்தில் அதற்கு யானைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யானைக்கால் நோய்க்கான மாத்திரைகளை வருஷக்கணக்கில் விழுங்கினாள். எங்கள் அப்பா, நைனா, கடலுக்குப் போகிறவர். அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் காரணம் என்று அவருக்கு முடிவாகத் தெரியும். அம்மா அதை ஒப்புக்கொண்டதில்லை. கிரகணத்தன்று மீன் அரிந்தேன், என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று அழுவாள். இருவரும் இதற்காகவே சண்டை போடுவார்கள். முகத்துவாரத்தில் கலக்கும் சாம்பல்தண்ணியைப் படமெடுக்க வெளியூரிலிருந்து கேமராவோடு ஆட்கள் வருவதுண்டு. ஒரு தடவை ஒருத்தர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, "இதையும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"இத்த இன்னாத்துக்கு எடுக்கற? சாம்பலு மேல கேஸு போடணும்னா சாம்பல எடு. என் காலு சாட்சிக்கு வராது" என்றாள்.

கரையில் இறால் ஏலம் கூறுவது அவள் வேலை. கவிழ்த்த ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து குரல் கொடுத்தால் அந்தக் கோடிவரை கேட்கும். வியாபாரிகள் அவளிடம் வாய் கொடுக்கப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவள்தான், ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது நான்தான் அவளை இழுத்துக்கொண்டு நகரத்தில் ஒரு மரபணு டாக்டரிடம் போனேன். எங்கள் அப்பா வயசிருக்கும் அவருக்கு. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தரையைக் காட்டினார். பழைய கட்டடம், மொசைக் தரை.

"இதுல பாருங்க, ஒரே சிமென்ட்டுல அங்கங்க வேற நிறக் கல்லு பதிஞ்சிருக்கு. இவங்க உடம்பும் அப்படித்தான். நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கு அப்புறம், இவங்க கருவுல ஏதோ ஒரே ஒரு செல்லுல ஒரு சின்ன மாற்றம் விழுந்திருக்கு. அந்த செல்லு பெருகி எங்கெல்லாம் போச்சோ அங்க மட்டும், வளர்றதை நிறுத்துன்னு சொல்ல வேண்டிய இடம் வேலை செய்யல. மத்த உடம்பு உங்க உடம்பு மாதிரியேதான். இது அப்பா அம்மாகிட்டேருந்து வந்ததில்ல. யாரும் செஞ்சதுமில்ல."

"சாம்பலு?" என்றாள் அக்கா.

"சாம்பல் வேற பல கெடுதல் பண்ணும். இதுக்கு அது காரணம்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

எனக்குப் பிறக்கும் குழந்தைக்கு மற்ற எந்தக் குழந்தையையும்விட அதிக ஆபத்து இல்லை என்றும் அன்றே சொன்னார். ரத்தத்தில் தேடினால் அந்த மாற்றம் கிடைக்காது, அந்தக் காலிலிருந்தே கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று விட்டுவிட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி ஒன்று சொன்னார். அந்தக் காலில் ரத்தம் மெதுவாக ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் உள்ளே உறைந்து கட்டி விழலாம். கால் திடீரென்று இறுகி வலித்தாலோ, மூச்சு பிடித்தாலோ, எதற்கும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வாயால சொல்லுதாவ. பரிசோதிச்சுச் சொல்லட்டும். அந்தச் சதையத்தான் எடுத்துப் பாத்துரட்டுமே" என்றார்.

ராத்திரி சாப்பாட்டின்போது கணவரும் அதையே சொன்னார். "ஒரு சின்னத் துண்டுதானே. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க. அம்மாவுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

உனக்கும் என்று அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எண்ணூருக்குப் போனேன். அக்கா ஏலம் முடித்து வந்து, வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டியிருந்தாள். அம்மா டீ போட உள்ளே போனாள்.

"அக்கா" என்றேன்.

நான் அப்படிக் கூப்பிடுவது அபூர்வம். சிரித்தாள். "இன்னாடி வோணும்? அக்காங்கற?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு எப்படிப் போனது என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். என் முகம் இறுகினால் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டக்கூடியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"ஒம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு காட்ட என் கால அறுக்கணும்."

"அறுக்கறது இல்லடி. சின்னதா..."

"எத்தினி தபா அறுத்தானுங்க, நீ வெளிய குந்திக்கினு இருந்த. உள்ள நானு. சின்னது பெருசுன்னு எனுக்கு நீ சொல்லாத."

"டாக்டர் உனக்கும் நல்லதுன்னுதான்..."

"எனுக்கு நல்லதுன்னு இத்தினி வருசமா தோணல. ஒன் மாமியாருக்கு தோணுனப்புறம் தோணுதா?" காலைக் கீழே இறக்கிவைத்தாள். "போடி. போய்க்கினே இரு."

அம்மா டீயோடு வந்தபோது நான் தெருமுனைக்குப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "அவ கரைக்கு போய்கிறா" என்பாள். பின்னாலேயே அவள் குரல் கேட்கும். வீட்டில் மாமியார் தினமும் கேட்கவில்லை. ஆனால் நான் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். வயிறு தெரிய ஆரம்பித்தது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். குளிக்கும்போது என் இடது தொடையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தடவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் போன் வந்தது.

"அவளுக்கு மூச்சு வாங்குதும்மா. நேத்துலேர்ந்து. சாம்பக்காத்து அடிச்சிதில்ல, அதான். தெருமொனை டாக்டராண்ட காட்டி மெஷின்ல மருந்து புகை வச்சிட்டு இட்டுக்கினு வந்தேன். அப்பியும் நிக்கல. நீ சொம்மா ஒரு வார்த்த பேசு, மனசுல வச்சிக்கினு பேஜாரு பண்றா."

எங்கள் பக்கம் மூச்சு வாங்குவது ஒரு சேதியே இல்லை. காற்று தெற்கே திரும்பினால் பாதித் தெரு இருமும். அம்மா பயந்த குரலில் பேசவில்லை. நான்தான், "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"காலுக்கு இன்னா. எப்பியும் கீற மாதிரிதான் கீது."

கணவரிடம் சொன்னபோது அவர் எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டினார். ஒரு ஆட்டோ பிடித்துக் கடற்கரைச் சாலையில் போனோம். எதிர்ப்பக்கம், நகரத்துக்கு வரும் தடத்தில், கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குக் காத்து வரிசையாக நின்றிருந்தன. கண்ணுக்கு எட்டியவரை முடிவில்லை. போகும்போதே கணவர் அந்த வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா அதே நாற்காலியில், ஆனால் முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். நான் தரையில் உட்கார்ந்து நைட்டியின் ஓரத்தை விலக்கினேன். கெண்டைக்கால் பளபளவென்று இறுகி இருந்தது. கை வைத்தேன். கொதித்தது.

"தொடாத." பல நாட்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எப்பலேருந்து வலிக்குது?"

காலை உள்ளே இழுக்கப் பார்த்தாள்.

"எப்பலேருந்துடி?"

"முந்தாநாளு."

"ஏன் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? ஒன்னாண்டயா?" இதைச் சொல்லி முடிக்க அவள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

நான் எழுந்து, "கிளம்பு, பெரிய ஆஸ்பத்திரி போறோம்" என்றேன். அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வரல. போனா கத்தி எடுப்பானுங்க." நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா என்னைத் தடுத்தாள். சாம்பல்தானே, கஞ்சி குடித்துப் படுத்தால் சரியாகிவிடும் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. எல்லோரும் இருமும் ஊரில் நான் மட்டும் எதையோ கற்பனை செய்கிறேனோ என்று. பிறகு அவள் உதடுகளைப் பார்த்தேன். என் உதடுகள்தான். அந்த நிறத்தில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

அவள் முகத்தருகே குனிந்தேன். "உன்னை யாரும் அறுக்க மாட்டாங்க. எனக்காகவும் இல்ல, வேற யாருக்காகவும் இல்ல. அந்தப் பேச்சே இனிமே கிடையாது. இப்ப வா."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா, இல்லை மறுக்கத் தெம்பில்லையா தெரியவில்லை. கையை நாற்காலியிலிருந்து எடுத்தாள்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். அதுவும் அதே நெரிசலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றார்கள். காத்திருக்காமல் நாங்கள் வந்த ஆட்டோவிலேயே ஏற்றினோம். அவள் காலை என் மடிமேல் நீட்டிவைக்கத்தான் இடமிருந்தது. அதன் கனம் என் தொடையில் இறங்கியது. அந்தக் காலை நான் அதுவரை தூக்கியதே இல்லை. அம்மா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கணவர் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

திருவொற்றியூர் வருவதற்குள்ளேயே நின்றுவிட்டோம். முன்னால் டிரெய்லர், பக்கத்தில் டிரெய்லர். எஞ்சின்களை அணைத்துவிட்டு டிரைவர்கள் நிழலில் படுத்திருந்தார்கள். அக்கா பேசவில்லை. ஆட்டோவில் ஏறினால் வழி முழுக்க டிரைவரிடம் சண்டை பிடிக்கிறவள் அவள். இந்தத் தெருவில் ஏன் திரும்பினாய், அந்தப் பள்ளத்தில் ஏன் விட்டாய் என்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். "எதாவது பேசுடி" என்றேன். தலையை ஆட்டினாள், முடியாது என்று.

கணவர் இறங்கி ஓடினார். கூச்ச சுபாவம் அவருக்கு. கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு டிரெய்லரின் கதவையும் கையால் அடித்து, "பேஷண்ட்! மூச்சு விட முடியல! கொஞ்சம் முன்னால எடுங்க!" என்று கத்திக்கொண்டே போனார். முதல் இரண்டு பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது டிரெய்லரிலிருந்து ஒரு வடக்கத்தி டிரைவர் எட்டிப் பார்த்தார். கணவர் தன் நெஞ்சில் கைவைத்து, மூச்சு இழுத்துக் காட்டி, எங்கள் ஆட்டோவைக் கைகாட்டினார். அந்த ஆள் கீழே குதித்து வந்து உள்ளே பார்த்தார். அக்காவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். திரும்பி ஓடிப்போய்த் தன் வண்டியை எடுத்து முன்னால் நகர்த்தினார். பிறகு இறங்கி, அடுத்தடுத்த வண்டிகளின் டிரைவர்களை இந்தியில் திட்டி எழுப்பிக்கொண்டே நடந்தார். ஆட்டோ உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு சந்து திறந்தது. சாலையின் கடல் பக்கம், கருங்கல் கொட்டிய ஓரத்தில் ஒரு சக்கரம் ஏறியும் இறங்கியும் போனோம். கணவர் முன்னால் ஓடிக்கொண்டே வழி விலக்கினார். நெரிசல் தாண்டிய இடத்தில் அவர் ஏறிக்கொண்டபோது அவரால் பேச முடியவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். "ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கெண்டைக்காலில் கை வைத்ததும் கேள்வியை நிறுத்திவிட்டார். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தார். அங்கேயே குரல் கொடுத்து ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். பிறகுதான் என்னிடம் திரும்பி, "இந்தக் கால் பிறந்ததிலிருந்தே இப்படியா? யார்கிட்ட காட்டுறீங்க?" என்றார். நான் மரபணு டாக்டரின் பெயரைச் சொன்னேன். அவரே போன் செய்து பேசினார். நெஞ்சு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கர்ப்பிணி வரக்கூடாது என்று என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அக்கா ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். "கத்தி இல்லடி, படம் மட்டும்தான்!" என்று கத்தினேன். கதவு மூடிவிட்டது.

காலில் உறைந்த ரத்தம் பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ரத்தக்கட்டி கரைவதற்கு ஊசி தொடங்கிவிட்டோம், இன்றைக்கும் நாளைக்கும்தான் கவனம் என்றார்.

ஐ.சி.யூ. வெளியே நடையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சுவரில் சாய்ந்து, "சாம்பலுன்னே நெனச்சேன், சாம்பலுன்னே நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "அவகிட்ட சதை கேட்க மாட்டேன். அத்தை கேட்டாலும் மாட்டேன். குழந்தை எப்படிப் பிறந்தாலும் பிறக்கட்டும். இது உங்களுக்குச் சரியில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் டீயை என் கையில் கொடுத்தார். "கீழ பார்த்துப் பிடி, சுடுது" என்றார். தன் டீயை ஊதிக்கொண்டே, "நானும்தான் சின்னத் துண்டுன்னு சொன்னேன்" என்றார்.

சாயந்திரம் மாமியார் வந்தார். கூடையில் ரசச் சோறும் பருப்புத் துவையலும். எனக்குப் பரிமாறப் போனவர், ஐ.சி.யூ. கதவின் கண்ணாடி வழியே ஒரு தடவை உள்ளே பார்த்தார். கால்வரை போர்வை. முகத்தில் மாஸ்க், பாதி மூடிய கண்கள். அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கன்னத்தைத் தொட்டார்.

"நீதான் கெடக்கியோன்னு நெஞ்சே நின்னுபோச்சு" என்றார். கூடையைத் திறக்க மறந்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசோதனையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். அக்காவுக்கு மாஸ்க் எடுத்திருந்தார்கள். குரல் கரகரப்பாக, ஆனால் அவள் குரலாக வந்தது.

"ஊரு ஆயிரம் சொல்லிச்சு, வுடு, அத்த நான் கண்டுக்கல. என் மூஞ்சிய வச்சிக்கினு நீயே வந்து கேட்ட பாரு, அதான்டி தாங்கல."

"தெரியும்."

"தெரியும்னா சொம்மா இரு. அழுவாத. பிரஷர் ஏறிடப் போவுது ஒனக்கு." என் வயிற்றைப் பார்த்தாள். "ஒழுங்கா துன்றியா?"

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இறுக்கமான காலுறை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று அவள் வீட்டுக்கு வந்தாள். பல வாரம் ஏலத்துக்குப் போகவில்லை. பிறகு போனாள். மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு லேசாகக் கீறினாலும் ரத்தம் நிற்காது என்பதால், அந்த மாதங்களில் சதை எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கிடையில் என் ஐந்தாம் மாத ஸ்கேன் வந்தது, போனது. டாக்டர் கைகால்களைத் திரையில் காட்டினார். சரியாக இருக்கிறது என்றார். ஆனால் அக்காவுக்கும் பிறக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே என்பது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. மாமியார் கையில் வாங்கியதும் துணியை விலக்கி முதலில் பாதங்களைத்தான் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் துணியை மூடிவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? நானும் ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவும்போது இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்துவைத்துப் பார்த்தேன். தொடையில் ஒரு கொசுக்கடி சிவந்தாலும் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒருநாள் எங்கள் வீட்டில் தங்க வந்திருந்த அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"தெனைக்கும் அளக்கறியா?"

அவள் குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, அவளே இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள். உலகத்தில் எந்த டாக்டரைவிடவும் அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன்.

"இல்லடி" என்றாள். "எனுக்கு தெரியும். இல்ல."

அதற்குப் பிறகு நான் அளப்பது குறைந்தது. நின்றுபோனது என்று சொல்ல முடியாது.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு, அக்கா வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது மரபணு டாக்டர் ஒன்று சொன்னாராம். இந்த மாதிரி வளர்ச்சியில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதை அடக்கும் மாத்திரை ஒன்று இப்போது இருக்கிறது. எல்லோருக்கும் கேட்காது. வாய்ப்புண், சர்க்கரை என்று தொந்தரவுகளும் உண்டு. ஆனால் எந்த மாற்றம் என்று தெரிந்தால்தான் கொடுக்கவே முடியும். அக்கா வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எனக்கு போன் செய்தாள்.

"செவ்வாக்கெயம போறேன். ரத்த மாத்திரைய நிறுத்தி ஊசி போட்டுக்கினு கீறேன். நீ வரணும்னு இல்ல."

"வரேன்."

"கொயந்தையும் இட்டுக்கினு வா. ஒன் மூஞ்சிய மட்டும் பாத்துக்கினு குந்திக்கினு இருக்க முடியாது."

போனோம். பெயரைக் கூப்பிட்டபோது அவள் கைப்பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள். அறை வாசல்வரை நடந்தவள் நின்றாள். கதவின் சட்டத்தைப் பிடித்தாள். அங்கேயே அப்படி எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது நீளமாக இருந்தது. நான் எழுந்தேன். என் பக்கம் திரும்பாமலேயே, "குந்து" என்றாள். நர்ஸிடம், "மேடம், கத்திய என் கண்ணுல காட்டாம எடுங்க, புண்ணியமா போவும்" என்றாள். உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. காலில் சின்னக் கட்டு. ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க அரை மணி உட்காரவைத்தார்கள். கட்டின் மேல் ஒரு பொட்டு சிவப்பு ஊறி, அதோடு நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுதா?"

"ஊசி வலிச்சிது. அப்பால ஒண்ணும் தெரியல." கொஞ்சம் யோசித்தாள். "ஒன் வூட்டுக்காரரு சொன்ன மாதிரி சின்னதுதான். ஆனா அத்த நான் சொல்லணும்."

எங்கள் பேச்சு புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் வர பல வாரமாகும் என்றார்கள். வந்தாலும் மாத்திரை கேட்குமா, கேட்டால் கால் சுருங்குமா, வளர்வது நின்றால் மட்டும் போதுமா, யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் இன்னும் வரவில்லை. அன்று எழுந்து கிளம்பும்போது அக்காவுக்குப் பசி வந்துவிட்டது. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் கடையில் அத்தோ சாப்பிடலாம் என்றாள். கட்டுப்போட்ட காலோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. ஆட்டோவில் ஏறியதுமே டிரைவரிடம், "நைனா, எந்தப் பக்கமா போற? அந்தப் பாலத்து மேல வுடாத, அங்க குழியா கீது" என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அவள் விடவில்லை. வழி முழுக்க இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். குழந்தை என் மடியில் தூங்கிப்போனது.